பேச்சிமுத்து அண்ணாச்சியின் ஸ்டாப் வாட்ச்

கூடைப்பந்து நடுவர் வேலையில் விசில் நம் வாயில் இருக்கும், கடிகாரம் அடுத்தவர் கையில் இருக்கும். உங்களில் அடுத்தவர் தப்புக்குத் தினமும் ஏச்சு வாங்குகிறவர்களுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. எண்பத்தேழோ எட்டோ, ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் மைதானத்து டோர்னமென்டில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

வாட்ச்சின் சொந்தக்காரர்

யார் ஸ்டாப் வாட்ச் கொண்டுவருகிறாரோ அவரே நேரம் பார்ப்பார் என்பது அந்த மைதானத்து வழக்கம். கொண்டுவந்தவர் அந்தத் தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்த பேச்சிமுத்து அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர். விசில் ஊதினால் நிறுத்த வேண்டும், பந்து ஆட்டத்துக்கு வந்தால் ஓடவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் ஆட்டத்திலேயே வாட்ச்சை நிறுத்தச் சொல்லி நான் மூன்று தடவை மேஜைக்கு ஓடினேன். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கெஞ்சியும் பார்த்தேன்.

"என் வாட்ச்சு அடுத்தவன் கைபட்டா நின்னுரும், பாத்துக்கிடுங்க" என்றார்.

கைதட்டல்

அரையிறுதியில் அயனம்பாக்கம் அணி. அதன் கேப்டன் டில்லி, அம்பத்தூர் எஸ்டேட்டில் தினக்கூலிக்கு லேத் ஓட்டுகிறவன். கோப்பையை ஜெயித்தால் அவனைத் தொழிற்சாலை அணியில் சேர்த்து, நிரந்தர வேலையும் போட்டுத் தருவதாகப் பேச்சு. பையன் உயிரைக் கொடுத்து ஆடினான்.

நான் ஃபவுல் ஊதினேன். டில்லி போட்ட பந்துக்கு அண்ணாச்சி எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். வாட்ச் மேஜைமேல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் வீணாய் ஓடியது என்று நிச்சயமாகத் தெரிந்தால்தான் நடுவர் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். ஸ்கோர் எழுதுகிறவருக்குத் தெரியவில்லை. கேப்டன்கள் ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள். தலையில் அடித்துக்கொண்டு அண்ணாச்சியையே கேட்டேன்.

"இருவது செகண்டு இருக்கும், இல்லாட்டி ஒரு நிமிஷம். நடுவுல ஒண்ணப் போட்டுக்கிடுங்க."

ஆறு செகண்ட்

ஃபைனல். ஆறு செகண்ட் பாக்கி, அயனம்பாக்கம் ஒரு பாயின்ட் பின்னால். வெளியிலிருந்து எறிந்த பந்து டில்லி கைக்கு வந்ததும் இரண்டு பேர் அவனை மடக்கினார்கள். பத்து செகண்டுக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும் என்பதால் நான் கையை வீசி எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு, ஏழு, எட்டு. ஆறிலேயே ஆட்டம் முடிந்ததென்று அடித்திருக்க வேண்டிய மணி மேஜையிலிருந்து கேட்கவே இல்லை. டில்லி நின்ற இடத்திலிருந்தே எறிந்தான். பந்து கூடைக்குள் விழுந்தது. ஊரே மைதானத்துக்குள் இறங்கி அவனைத் தூக்கிக்கொண்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணாச்சி வாட்ச்சுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறார்! "இந்தா முடிஞ்சிட்டு, இனிமே ஆரம்பிக்கலாம்" என்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் இந்த முறை எனக்கு நிச்சயமாகத் தெரியும், என் கையே எட்டு எண்ணியிருக்கிறது. பாயின்ட் கிடையாது என்று கை காட்டினேன். கல் விழுந்தது, சட்டை கிழிந்தது. டில்லிதான் கூட்டத்தை விலக்கி என்னை சைக்கிள் வரைக்கும் கூட்டிவந்தான். நீ ஏனப்பா சண்டைக்கு வரவில்லை என்று கேட்டேன்.

"நானும் மன்சுல எண்ணிகினுதான் சார் இருந்தேன். ஆறு தாண்டிச்சு. மணி அடிக்கலியேன்னு போட்டுட்டேன்."

அடுத்த வருஷமும் அண்ணாச்சி அதே நாற்காலியில், டில்லி அதே தினக்கூலியில். அந்த ஆட்டத்தில் தப்பே செய்யாத நான்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் விசில் ஊதிக்கொண்டிருந்தேன்.