தொட்டிலுக்கு ஒரு ஸ்வீப்

கிட்டார் பழகத் தொடங்கியதுமே எனக்கு ஸ்வீப் பிக்கிங் ஆசை வந்துவிட்டது. தந்தி மீட்டும் சிறு வில்லையான பிக்கை ஒரே இழுப்பில் தந்திகள் மேல் வழுக்கவிட்டு, ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகக் கேட்க வைக்கும் வித்தை அது. அவசரமாக இழுப்பேன், எல்லாம் ஒன்றாகக் கலந்து இரையும்.

ஒரு மாலை நான் அப்படி வாசித்துக்கொண்டிருக்கையில், மாத்தளையில் எங்கள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ரிஸ்னா, அழும் கைக்குழந்தையோடு வாசலில் நின்றார். எனக்கு முகம் சுருங்கிப்போனது.

"மன்னிச்சிருங்க, இனி வாசிக்க மாட்டேன்."

"ஐயோ அக்கா, நிப்பாட்டாதீங்க! காலையில மெதுவா ஒரு பாட்டு வாசிச்சீங்களே, அதைக் கேட்டுத்தான் புள்ள தூங்கிச்சு. அப்படியே வாசிங்களேன்."

ஸ்வீப்பையே அப்படி மெதுவாக இழுத்தேன். முதன்முறையாக ஸ்வரங்கள் பிரிந்து, தெளிவாக ஒலித்தன. குழந்தை கண்மூடியது.

வித்தை காட்டத்தான் கிட்டார் வாங்கினேன். ஒரு குழந்தையைத் தூங்கவைப்பதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று நினைக்கவேயில்லை.