தேசப்பன் கேட்ட பனியில்லாத பாலைவனம்

செய்தி வந்தபோது நான் ரயிலில் இருந்தேன். மீஞ்சூர் தாண்டியிருந்தது. உட்கார இடமில்லாமல் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அழைத்தவன் முனுசாமி, தேசப்பனின் மனைவிக்குத் தம்பி. "சார், மாமா பூட்டாரு சார். ஆபீஸ்லயே நெஞ்ச புடிச்சினு சாஞ்சிட்டாராம்" என்றான். பொன்னேரியில் இறங்க வேண்டிய நான் இறங்காமல் அடுத்த நிலையம் வரை போய்விட்டேன். எனக்கு அப்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்களுக்குள் ஒரு சண்டை பாக்கி இருந்தது. அதை முடிக்காமல் போய்விட்டான்.

இரங்கல் கூட்டத்தில் உங்களில் பலர் பேசினீர்கள். என்னைப் பேச அழைக்கவில்லை. ஒருவர் அவனை 'மலைகளை வென்ற மாவீரன்' என்றார். தேசப்பன் ஒரு மலையும் ஏறியதில்லை. பனி என்ற சொல்லைக் கேட்டாலே எட்டடி தள்ளி நிற்பவன். அவனோடு ஒரு நாளும் நடக்காதவர்கள் அவன் நடையைப் புகழ்ந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். பழவேற்காட்டுக் கடலோரக் குப்பத்தில் பிறந்து, படித்து, பொன்னேரியில் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த தேசப்பன். அவனோடு ஒரே கல்லூரியில் படித்து, இப்போது அதே ஊரில் வரலாறு நடத்தும் நான். மீன் இறங்குதுறையில் வேலை செய்யும் முனுசாமி. எனக்கு விடுமுறை கிடைப்பது மார்கழியில். கடல் சீறுவதால் முனுசாமிக்கு வேலை குறைவதும் அப்போதுதான். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை குளிர்காலத்தில் எங்காவது தூர இடத்துக்குப் போய்ச் சில நாள் நடந்துவிட்டு வருவோம்.

எங்கே போவது என்பதில் சண்டை வரக்கூடாது என்று தேசப்பனே ஒரு வழி சொன்னான். பழவேற்காட்டு ஏரியில் மீனவர்கள் இறால் பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்று யார் பாடோ அவர் வலை மட்டும்தான் அங்கே இறங்கும், மற்றவர் வாய் திறக்கக்கூடாது. "நம்மளும் பாடு வெச்சிக்கலாம். யாரு பாடோ அவன் சொல்ற எடம். அப்பீலே கெடயாது" என்றான். முதலில் முனுசாமி பாடு, அடுத்தது தேசப்பன் பாடு. மூன்றாவது என்னுடையது.

நான் இமயத்தில் ஒரு பனிமலைப் பாதையைச் சொன்னேன். வயல்காட்டில் பிறந்தவன் நான். பனி மூடிய மலையை ஒருமுறையாவது மிதிக்க வேண்டும் என்பது என் இளவயது ஆசை. தேசப்பன் ஒரே சொல்லில் முடித்தான்: "வேணாம்."

காரணம் முனுசாமியின் விரல்கள். பல வருடம் இறாலை ஐஸ் பெட்டியில் அடுக்கி அடுக்கி அவன் விரல்களில் ரத்த ஓட்டம் கெட்டுவிட்டது. குளிர் பட்டால் சுண்ணாம்பு போல வெளுத்து மரத்துப்போகும். ஒரு விரல் நுனி ஏற்கெனவே போய்விட்டது. இன்னொரு முறை கடுங்குளிரில் விட்டால் விரல்களையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விரல் போனால் அவனுக்கு வேலை போகும். "அவனை இந்த ஒரு தடவை விட்டுவிட்டுப் போவோம்" என்றேன். தேசப்பன் என்னைப் பார்த்த பார்வையை மறக்கவில்லை.

"போற எடம் ஷோக்கா கீதான்னு அப்பால பாரு வாத்தியாரே. போற ஆளு முழுசா திரும்புவானான்னு மொதல்ல பாரு" என்றான்.

"அப்போ பாடு எதற்கு? ஏரியில் இப்படிச் செய்தால் ஊர்க்கூட்டம் வலையைப் பிடுங்கிவிடாதா?"

"புடுங்கட்டும். பனி இல்லாத எடம் பாரு. பாலைவனம் பாரு."

வீம்புக்கு ஸ்பிதி பள்ளத்தாக்கைக் காட்டினேன். அதுவும் பாலைவனம்தான், குளிர்ப் பாலைவனம். படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "பனி கொட்ற பாலைவனமா? எவன்யா இதுக்குப் பேரு வெச்சான்? உன்ன மாதிரி ஒரு வாத்தியாருதான் வெச்சிருப்பான்." கடைசியில் அவனே ஜெய்சல்மேர் பக்கத்து மணல்மேடுகளை எடுத்தான். பனி விழாது, தினமும் ஒரு கிராமத்தைத் தொடலாம், கிணறு உண்டு, ஒட்டகக்காரர் கிடைப்பார். எல்லாவற்றையும் விசாரித்தான். ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றை நான் சொன்னேன். பனி இல்லை என்றால் குளிர் இல்லை என்று அர்த்தமில்லை. அந்த மணல் சூரியன் போனதும் சூட்டை விட்டுவிடும். கம்பளியும் கையுறையும் வேண்டும். அவன் கேட்கவில்லை. "இன்னா நைனா பயமுறுத்துற? எங்க குப்பத்து மணலு மார்கழிலயும் ராவெல்லாம் கதகதன்னு கெடக்கும். மணல பத்தி எனக்கே பாடமா?" கடலோரத்தில் பிறந்த முனுசாமியும் தலையாட்டினான். அவர்களுக்குத் தெரிந்த குளிர் ஐஸ் பெட்டிக்குள் இருப்பது மட்டும்தான். எனக்கென்று ஒரு ஜோடி கையுறை வாங்கிக்கொண்டேன்.

ஜெய்சல்மேர் மணலில் நடந்த இரண்டாம் நாள் மாலை, கிராமம் கண்ணுக்குத் தெரியும் முன்பே சூரியன் இறங்கியது. வியர்த்திருந்த சட்டை முதுகில் ஈயத்தகடு போல ஒட்டியது. மணலைத் தொட்டால் தண்ணீரைத் தொட்டது போல இருந்தது. முனுசாமி பின்தங்கினான். திரும்பிப் பார்த்தபோது பையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான். முடிச்சு விழவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றான். வலை முடிச்சுகளைப் பார்க்காமலே போடும் ஆள் அவன். கிட்டே போய்க் கையைப் பிடித்தேன். மெழுகுவர்த்தியைப் பிடித்தது போல இருந்தது.

"எப்பலேர்ந்துடா?" என்று தேசப்பன் கத்தினான்.

"கொஞ்ச நேரமா மாமா. சரியாப் பூடும்னு பாத்தேன்."

ஒட்டகக்காரர் ஓடி முட்புதரை ஒடித்துத் தீ மூட்டினார். முனுசாமி இரண்டு கைகளையும் தீக்குள் விடப் போனான். தேசப்பன் அவனை இழுத்துத் தள்ளினான். "உணர்ச்சியே இல்ல, வெந்தா தெரியுமாடா உனக்கு?" பிறகு தன் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்து, அந்தக் கைகளைத் தன் அக்குள்களில் வைத்து இறுக்கிக்கொண்டான். இரண்டு பேரும் மார்போடு மார்பாக நின்றார்கள். தேசப்பனின் பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. என் கையுறைகளைக் கழற்றி நெஞ்சுக்குள் வைத்துச் சூடாக்கினேன்.

"நான் சொன்னேனா இல்லையா?" என்றேன்.

"இப்ப வாய மூடு வாத்தியாரே. வெரலு திரும்பட்டும், அப்பால திட்டு."

காத்திருந்தோம். இருட்டிவிட்டது. திடீரென்று முனுசாமி அலறினான். விரல்களில் ஊசி குத்துகிறது என்று அழுதான். தேசப்பன் அவனை விடாமல் சிரித்தான். "வலிக்குதா? நல்லா வலிக்கட்டும். வலிச்சா வெரலு உசுரோட கீதுன்னு அர்த்தம்." என் கையுறைகளை அவனே முனுசாமிக்கு மாட்டிவிட்டான். விரல்கள் பிழைத்தன. ஒரு நகம் மட்டும் பின்னால் கருத்து விழுந்தது.

ஊர் திரும்பியதும் பழவேற்காடு பஜாரில் டீக்கடையில் தேசப்பன் சொன்னது இது: "ஒரு பொட்டு பனி இல்லப்பா. நான் எடுத்த எடம் எப்டி?" என்னைப் பார்க்காமல் சொன்னான். டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அன்றிலிருந்து நான் அவனோடு பேசவில்லை. ஆடி மாதம் வீட்டுக்கு வந்தான். உட்காராமல் வாசலிலேயே நின்றான். "இந்த வருசம் பாடு உன்னுது. பனி மலைக்கே போ. ஆளு வேற பாத்துக்கோ, நானும் முனுசாமியும் வரல" என்றான். அதை விட்டுக்கொடுப்பதாக நினைத்துச் சொல்லியிருப்பான். எனக்கு அது அவமானமாகப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது. 'நீ சொன்னது சரி' என்ற மூன்று சொற்களைத்தான் நான் கேட்டிருந்தேன். அதைச் சொல்லாமல் ஒரு மலையையே தூக்கிக் கொடுத்தான். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது.

கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவி மல்லிகா என்னிடம் வந்து, "உங்க பாடாமே? எங்க போறீங்கண்ணா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லுமுன் முனுசாமி சொன்னான்: "பனின்னாலும் நான் வரேன் சார். மாமா உங்க பாட்ட எடுத்துக்கினாரு. அது எனக்காகத்தான். இந்த தபா நீங்க சொல்ற எடம்." பந்தல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான். எல்லா விரல்களும் வேலை செய்தன.

ஆசைப்பட்ட மலை என் நாக்கு நுனியில் இருந்தது. யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். தடுப்பதற்கு இருந்த ஒரே ஆளும் போய்விட்டான்.

"தேரிக்காடு" என்றேன். தெற்கே, திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் காடு. பனி இல்லை. மார்கழி இரவிலும் போர்வை வேண்டாம்.

மல்லிகா அத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். "இதோ கீற தேரிக்காட்டுக்கா? இதுக்கா ரெண்டு பேரும் அந்தச் சண்ட போட்டீங்க?"

அவனை நான் மன்னித்துவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மணலைப் பற்றி அவன் சொன்னது தவறு, சாகும்வரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு இடத்தைப் பற்றி முதலில் எதைக் கேட்க வேண்டும் என்பதில் அவன் தவறவில்லை. போகிறவன் முழுசாகத் திரும்புவானா என்ற அவன் கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன். அங்கே விடியற்காலைக் குளிர் எவ்வளவு என்பது என் கேள்வி. அது முன்பே என்னுடையது. இனி இரண்டையும் நான் ஒருவனே கேட்க வேண்டும். முனுசாமிக்குக் கையுறை வாங்கிவிட்டேன். தேரிக்காட்டில் தேவைப்படாது என்று தெரிந்தே.