பத்தாயத்துக்குள் வைத்த மண்ணெண்ணெய்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. கடிதம் எழுதினாலும் நலம் விசாரித்து முடிப்பதற்குள் கை நின்றுவிடும். அப்படிப்பட்டவள் மற்றவர்கள் படிப்பதற்கென்று எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாசியில் கீரிப்பாறையில் என் மைனி இறந்துபோனாள். என் அண்ணனின் மனைவி. அவளுக்காக நான் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டிய நாள் ஒன்று இருந்தது. அன்று பேசவில்லை. மண்ணெண்ணெய் வாடை எங்கே வந்தாலும் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது.

நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிற வருஷம், ஆனி மாதம். எனக்குப் பதின்மூன்று வயது. வெள்ளைக்காரன் போனதும் எங்கள் திருவிதாங்கூர் சமஸ்தானம் தனி நாடு ஆகிவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. தனி நாடு என்றால் என்னவென்று எங்கள் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் எல்லையான ஆரல்வாய்மொழியில், வண்டிச் சாமான்களை நிறுத்திச் சோதிக்கிற சவுக்கையைப் பூட்டிவிடுவார்கள் என்று ஒருவர் வந்து சொன்னதும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. தீப்பெட்டி, மிளகாய் வற்றல், மண்ணெண்ணெய் எல்லாம் அந்த வழியாகத்தான் வரவேண்டும். சொன்னவருக்கு யார் சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. உச்சிப் பொழுதுக்குள் கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

அம்மை, மைனியையும் என்னையும் கடைக்கு அனுப்பினாள். மைனிக்கு அப்போது ஏழு மாதம். அண்ணன் கீரிப்பாறையில் ரப்பர் தோட்டத்து வேலையில் இருந்தான், மாதத்துக்கு ஒருதரம் வருவான். அந்தக் கடையை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அலமாரியில் இரண்டு தட்டு அதற்குள்ளேயே காலி. யாருக்கு எது வேண்டும் என்ற கணக்கே இல்லை, கைக்கு அகப்பட்டதை எடுத்தார்கள். ஒரு பெரியவர் நாலு சிம்னிக் கண்ணாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"ஓய், ஒம்ம வீட்டுல வெளக்கே கெடையாதே ஓய்" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார்.

"வெளக்கு பெறகு வாங்கிக்கிடலாம். சிம்னி கிட்டாதுல்லா?"

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அலமாரப் பலகையையும் கழத்திட்டுப் போங்க. நாளைக்கு எனக்கு இங்க என்ன சோலி?"

யாரோ சிரித்தார்கள். சிரித்தவரும் முண்டுவதை விடவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "வயித்துப்பிள்ளக்காரி நிக்கா, வழி விடுங்கலே" என்று அதட்டியது. எதிர்வீட்டு அக்காதான். அவளே கூட்டத்தைத் தள்ளி மைனியை முன்னால் விட்டாள். கடையில் மீதி இருந்த ஒரே மண்ணெண்ணெய்த் தகரம் எங்களுக்குக் கிடைத்தது அப்படித்தான். எங்களுக்குப் பின்னால் நின்ற அந்த அக்கா வெறும் குப்பியோடு திரும்பினாள்.

முழுத் தகரம் வீட்டில் இருப்பது தெரிந்தால் தெருவே கேட்டு வரும், கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது என்று அம்மைக்குப் பயம். எங்கள் வீட்டு உள்ளறையில் நெல் போட்டு வைக்கிற பெரிய மரப் பத்தாயம் இருந்தது. மாசி அறுப்பில் சர்க்காருக்கு அளந்தது போக, சாப்பாட்டுக்கென்று விட்ட நெல் அதில் பாதிக்கு இருந்தது. அடுத்த அறுப்புக்கு இன்னும் இரண்டு மாதம். நிலம் உள்ள வீடு என்று சர்க்கார் கணக்கில் எழுதியிருந்ததால் ரேஷன் டிப்போவில் எங்களுக்கு அரிசி அளக்கமாட்டார்கள். அந்த நெல்தான் எங்கள் எல்லாருக்கும் கஞ்சி.

"பத்தாயத்துக்குள்ள வையிங்கட்டி. நெல்லு மூடுன பெறவு எவ கண்டா?" என்றாள் அம்மை.

மைனி அந்த வயிற்றோடு உள்ளே இறங்க முடியாது. நான்தான் இறங்கினேன். "நட்டமா வையி மக்கா. மேல கொஞ்சம் தெரிஞ்சாலும் சாரமில்ல" என்று மைனி வெளியே நின்று சொன்னாள். நட்டமாக நிமிர்த்தி வைத்தால் தகரத்தின் வாய் நெல்லுக்கு மேலே தெரிந்தது. அம்மை வந்து பார்த்தால் ஏசுவாளே என்று நான் தகரத்தைப் படுக்க வைத்து நெல்லை அள்ளி மூடிவிட்டேன். மைனியிடம் சொல்லவில்லை. தகரத்தின் வாயில் துணிதான் அடைத்திருந்தது.

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டு அக்கா குப்பியோடு வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல், ராத்திரி விளக்கு இல்லாமல் முடியவில்லை, அரைக் குப்பி இருந்தால் போதும் என்றாள். மைனி என் முகத்தைப் பார்த்தாள். அம்மை, "எங்களுக்கே இல்லாம இருட்டுல கெடக்கோம்" என்றாள். அக்கா போய்விட்டாள். இல்லையென்று சொன்ன பிறகு எங்களாலும் அந்தத் தகரத்தைத் தொட முடியவில்லை. அன்று முழுவதும் மைனி சாப்பிடவில்லை. வீட்டில் வாடை அடித்துக்கொண்டுதான் இருந்தது. தகரம் இருந்தால் வாடை இருக்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டோம்.

எட்டாம் நாள், குளச்சல் பக்கம் சாவு விழுந்த ஒரு வீட்டுக்குத் துஷ்டி கேட்க அம்மை புறப்பட்டாள். மறுநாள்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். புழுக்குவதற்கு நெல் எடுக்கலாம் என்று நான் பத்தாயத்துக்குள் கை விட்டேன். நெல் ஈரமாக, வழவழவென்று இருந்தது. தகரத்தைத் தூக்கினால் காகிதம் போலக் கனமில்லாமல் வந்தது. எண்ணெய் முழுவதும் நெல்லின் அடி வரைக்கும் இறங்கியிருந்தது. மைனி ஒரு பிடி நெல்லை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை.

பிறகு எழுந்து, "புழுக்குனா வாடை ஆவியோட போயிரும் மக்கா. அத்தை வாறதுக்குள்ள முடிச்சிரலாம்" என்றாள். எங்கள் ஊரில் நெல்லுக்கு எது வந்தாலும் முதலில் நினைப்பு வருவது புழுக்குவதுதான். பச்சையாக வெயிலில் பரப்பியிருந்தால் உமியோடு கொஞ்சமாவது வாடை போயிருக்கும் என்று பின்னால் விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். முற்றத்தில் நெல் அவிக்கிற பெரிய செம்புக் குட்டுவத்தை அடுப்பில் ஏற்றி ஓலையைப் போட்டு எரித்தோம். ஒரு தடவை தீ பக்கென்று விளிம்பு வரை ஏறி மைனியின் முன்மயிர் பொசுங்கியது. அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. ஈடு ஈடாகப் பத்தாயம் முழுவதையும் புழுக்கினோம். வெந்நீர் அந்த எண்ணெயை உமி தாண்டி அரிசிக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்தது. மைனி ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு நெல்லை உரித்து வாயில் போட்டுக் கடிப்பாள், துப்புவாள், மறுபடி கடிப்பாள். கடைசியில் துப்பவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்கிவிட்டு, "இது தின்னலாம். தின்னலாம்தான மக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

ஆவி தெரு முழுக்கப் பரவியது. எட்டு நாளாக விளக்கில்லாத தெரு அது. ஒவ்வொருவராக வந்து வேலியோரம் நின்றார்கள். எதிர்வீட்டு அக்கா உள்ளேயே வந்துவிட்டாள்.

"பிள்ளைக்கு மூச்சு இருக்கா இல்லியான்னு நான் இருட்டுல தடவிப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். நீங்க நெல்லுக்கு வெளக்கு ஏத்துனியளாக்கும்?"

 மைனி கையிலிருந்த அகப்பையால் குட்டுவத்தைக் கிளறிக்கொண்டே நின்றாள். சொன்னதற்கு முந்தியே, அன்று சாயங்காலமே அம்மை திரும்பி வந்தாள். வேலியோரம் நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, குட்டுவத்தையும் காலித் தகரத்தையும் பார்த்தாள்.

"எவட்டி தகரத்தப் படுக்க வச்சது?"

நான் வாயெடுக்கப் போனேன். மைனி என் கையைப் பிடித்து அழுத்தி, "நீ மிண்டாம நில்லு" என்று மெல்லச் சொன்னாள். பிறகு அம்மையைப் பார்த்து, "நாந்தான் அத்தே" என்றாள்.

ஏழு மாத வயிற்றோடு ஒருத்தி பத்தாயத்துக்குள் இறங்க முடியாது என்று மூன்று பிள்ளை பெற்ற அம்மைக்குத் தெரியாதா? தெரிந்துதான் இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். பத்தாயத்துக்குள் வைக்கச் சொன்னது யார், எதிர்வீட்டுக்கு இல்லையென்று சொன்னது யார் என்று தெருவே பார்த்து நிற்கையில், அம்மைக்கு வேறொருத்தி வேண்டியிருந்தது. எனக்கும் வேண்டியிருந்தது. "குடிக்க கஞ்சிய நாசமாக்குனவளுக்கு இங்க எடமில்ல" என்று அம்மை தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள். அப்போதே மயிலாடிக்கு, மைனியின் பிறந்த வீட்டுக்கு ஆள் போயிற்று. தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பலகாரமும் பூவுமாக வந்து முறையாகக் கூட்டிப் போக வேண்டியவர்கள் அவர்கள்.

அண்ணன் வந்து கேட்டபோதும் நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். பிள்ளை பிறந்த பிறகு அவன் அவளை மயிலாடியிலிருந்து நேரே கீரிப்பாறை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு மைனி எங்கள் வீட்டு நடையில் கால் வைக்கவில்லை. அம்மை பேத்தியின் முகத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாள். கல்யாண வீடுகளில் மைனியை நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். "சொகமா மக்கா?" என்று கேட்பாள். தலையை ஆட்டுவேன். அவளும் அதைப் பற்றி எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

நெல் புழுக்கிய மறுநாள் காலையில் மைனியின் அப்பா மட்டும் தனியாக வந்தார். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல், மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். மத்தியானம், யாரும் பூட்டாத ஆரல்வாய்மொழிச் சவுக்கை வழியாகக் கடைக்கு மண்ணெண்ணெய் வந்தது. அம்மை என்னைக் கூப்பிட்டு ஒரு குப்பி வாங்கிவரச் சொன்னாள். போய் வாங்கி வந்தேன்.