இன்னொரு முனியாண்டி மகள்

1. பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.
2. மறுநாளே, "நீங்கள் கேட்டபடி உங்கள் விண்ணப்பம் ரத்து செய்யப்பட்டது" என்று மின்னஞ்சல் வந்தது.
3. நான் அப்படிக் கேட்கவே இல்லை.

கூலிம் நகரத் தொழிற்சாலை ஒன்றில் நான் டெக்னீஷியன். வேலை நேரத்தில் கைப்பேசி லாக்கரில்தான் இருக்கும். சாப்பாட்டு வேளையில் சேர்க்கை அலுவலகத்தை அழைத்தேன்.

"முனியாண்டிதானே? வேணாம்னு நீங்கதான எழுதியிருக்கீங்க?" என்றார் அங்கிருந்த அக்கா.

"முனியாண்டி எங்கப்பாக்கா. என் பேரு வேற."

அவர் தேடிப் பார்த்தார். நம் பெயருக்குப் பின்னால் வரும் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எண்ணி, இன்னொரு முனியாண்டி மகளின் கடிதத்தை என் கோப்பில் சேர்த்திருந்தார்கள்.

"அது தன்னோட கடிதம்னு அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்தாத்தான் மாத்த முடியும்மா. சாயங்காலம் லிஸ்ட்ட மூடிருவாங்க. நான் கூப்பிட்டுப் பாக்குறேன்."

மதியம் முழுவதும் இயந்திரத்தின் முன் நின்றேன். அங்கே ஒரு திருகு தளர்ந்தாலும் அலாரம் அடிக்கும். என் இடம் பறிபோனபோது எதுவுமே அடிக்கவில்லை. முகம் தெரியாத அந்தப் பெண்ணை மனத்துக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

வேலை முடிந்து லாக்கரைத் திறந்ததும் புதிய எண்ணிலிருந்து அழைப்பு.

"அக்கா, நான் பெண்டாங் ஊரு முனியாண்டி மக. நர்சிங் கெடைச்சிருச்சு, அதான் பல்லு வேணாம்னு எழுதுனேன். உங்க சீட்டையும் சேத்துப் புடுங்கிட்டாங்களாம்லா! ஆபீஸ் அக்கா சொன்னதும் எழுதி அனுப்பிட்டேன். அழாதீங்க."

நான் அழுவது அவளுக்கு எப்படித் தெரிந்தது? மனத்துக்குள் திட்டியதற்கும் சேர்த்து நன்றி சொன்னேன்.

நேர்காணலுக்குப் போய் வந்துவிட்டேன். முடிவு இன்னும் வரவில்லை. ஒவ்வொரு மின்னஞ்சலையும் பயந்துகொண்டேதான் திறக்கிறேன்.