கிருஷ்ணராசாவின் மஞ்சள் கண்ணாடி

விளைமீனின் செவுளை விரலால் தூக்கிப் பார்த்த பிறகும் கிருஷ்ணராசாவுக்கு மனம் ஆறாது. குனிந்து அதன் கண்ணையும் உற்றுப் பார்ப்பார். "அண்ணை, இண்டைக்குக் காலமை வந்த மீன்" என்று இல்ஃபோர்ட் கடைக்காரர் சொன்னால், "எந்தக் காலமை?" என்று திருப்பிக் கேட்பார். லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கத்து அலுவலகக் கட்டடமொன்றில் சிசிடிவித் திரைகளின் முன்னால் இருப்பது அவருடைய உத்தியோகம். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். அவரோ சம்பளமில்லாத நேரத்திலும் அந்த வேலையை விடுவதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவன் சிரித்தால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவருக்கு அவருடைய கண்களே நம்பிக்கைத் துரோகம் செய்யத் தொடங்கின. திரையில் ஒரு முகம் முதலில் பளிச்சென்று தெரியும். இமைக்காமல் பார்த்தால் கலங்கிவிடும். மணல் விழுந்ததுபோல எரிந்து கண்ணீர் வழியும். பரிசோதித்த கண்ணாடிக் கடைப் பெண், கண் வறண்டுவிட்டது, அந்த எரிச்சலில்தான் நீர் கொட்டுகிறது என்றாள்.

"கண்ணாலை தண்ணி ஓடுது, அவள் காய்ஞ்சுபோச்சு எண்டுறாள். ஆருக்குக் கதை விடுறாள்?" என்று மனைவி பாலாம்பிகையிடம் வந்து பொரிந்தார்.

சொட்டு மருந்தோடு, நீல ஒளியைக் குறைக்கும் மஞ்சள் கண்ணாடி ஒன்றையும் அந்தப் பெண் கொடுத்திருந்தாள். அதுதான் அவருக்குப் பெரிய வில்லங்கமாகப் பட்டது.

"நீல வெளிச்சமாம். என்ரை திரையெல்லாம் கறுப்பு வெள்ளை. அதிலை எங்கை நீலம்?"

"வெள்ளைக்குள்ளை நீலமும் இருக்கு எண்டு அவ சொன்னதா நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"அப்ப கறுப்புக்குள்ளை என்ன இருக்காம்?"

இருந்தாலும் காசு கொடுத்த பொருளைச் சும்மா விடுவாரா? சுவரில் தொங்கிய ஆர்ச்வே முருகன் கோயில் கலண்டருக்கு எதிரே கதிரையைப் போட்டு, கண்ணாடியோடும் இல்லாமலும் பொடி எழுத்துகளை வாசித்தார். நாள் மாற்றியும் கதிரை மாற்றியும் வாசித்தார். கடைசியில், "கொஞ்சம் கூட நேரம் எழுத்து கலங்காமல் நிக்குது. கண்ணாடியோ, ராத்திரி கொண்ட நித்திரையோ, ஆர் கண்டது?" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் நற்சான்று வராது.

வன்னியில் சண்டை முடிந்த 2009ஆம் ஆண்டுக் கோடை அது. அங்கே இருந்த தங்கை தவமலரிடமிருந்து மாசி மாதத்துக்குப் பிறகு ஒரு சேதியுமில்லை. சண்டைக்குத் தப்பிய சனத்தை அடைத்துவைத்த முகாம்களில் எடுத்த படங்கள் இணையத்தில் வந்துகொண்டிருந்தன. வேலை முடிந்து வந்தவர் மறுபடியும் திரைக்கு முன்னால்தான் இருந்தார். "இது பழைய படம்", "இது வேறை எங்கையோ எடுத்தது" என்று ஒவ்வொன்றையும் தள்ளினார். பாலாம்பிகை தானும் பார்க்கக் கேட்டால், "உமக்கு என்ன தெரியும்?" என்பார். கலியாணமான புதிதில் அவளும் தவமலரும் ஒரே பாயில் படுத்தவர்கள். அவருக்கு அதுவும் தெரியும். ஆனாலும் தன் தங்கையை இன்னொருவர் கண்ணை நம்பித் தேட அவருக்கு மனம் வரவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் புதுப்படம் ஒன்று வந்தது. தண்ணீருக்கு வாளியோடு நிற்கும் வரிசை. அதன் கடைசியில் தலைமயிர் கத்தரிக்கப்பட்ட ஒரு பெண். கிருஷ்ணராசா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார். முகம் கலங்கியது. கண்ணில் மருந்தை விட்டு, மஞ்சள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இமைத்தார், மறுபடி பார்த்தார். இந்த முறை முகம் அப்படியே நின்றது.

"இது அவள் இல்லை. அவள் இப்பிடி மெலிஞ்சவள் இல்லை" என்றார் உரக்க. ஆனால் படத்தைத் தள்ளவில்லை. உதட்டுக்கு மேலே இருந்த சின்னத் தழும்பு, சின்ன வயதில் தவமலர் கிணற்றடியில் விழுந்து வந்த தழும்பேதான். நம்பிவிட்டுப் பிறகு இல்லையென்று ஆகிவிட்டால் தாங்கமாட்டார்.

"இஞ்சை வாரும்."

குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்த பாலாம்பிகையைத் தன் கதிரையில் இருத்தினார். அவளுடைய கண்ணில் ஒரு குறையும் இல்லை. இருந்தும் மஞ்சள் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, தன் கையாலேயே அவளுக்குப் போட்டுவிட்டார்.

"நீர் பாரும்" என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார்.