பெட்ரோல் விலை ஏறிய வருஷத்துக் காதுகுத்து

பெட்ரோல் விலை மளமளவென்று ஏறியது எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் மகளுக்குக் காது குத்திய வருஷம், அது மட்டும் தெரியும். எழுபதுகளின் தொடக்கமாக இருக்கும். அப்போது செக்காலையில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காரில் பின்கதவு ஒன்று வெளியிலிருந்துதான் திறக்கும். கல்யாணத்துக்குச் சொல்லப் போகிற ஆச்சிமார் இறங்கும்போதெல்லாம் நான் ஓடிப்போய்த் திறந்துவிடுவேன். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு அடுத்த சவாரிக்கும் என்னையே கூப்பிட்டார்கள். அந்தக் கதவைச் சரிபண்ணாமலே வைத்திருந்தேன்.

என் மனைவியின் அண்ணனுக்குக் கல்லலுக்கு அப்பால் விவசாயம். நான் டில்லியை ஆண்ட கட்சி, மச்சான் மதராஸை ஆண்ட கட்சி. இரண்டு பேரும் எந்தக் கட்சியிலும் உறுப்பினர்கூட இல்லை. ஆனால் சோற்றில் உட்கார்ந்தால் போதும், சண்டை தொடங்கிவிடும்.

“என்ன மாப்ளே, ஒங்க டில்லிக்காரக மறுபடியும் ஏத்திப்புட்டாகளாமே?”

“அரபு நாட்டுக்காரன் ஏத்துனா டில்லி என்ன செய்யும் மச்சான்? எண்ணெய் அவன் கெணத்துலல்ல இருக்கு!”

“அவன் ஏத்துனது போக, மேல வரி போட்டாகளே. அதையும் அரபுக்காரனா வந்து போட்டான்?”

“மதராஸுலயும் ஒரு வரி இருக்கு. அதை யாரு வாங்குறாகளாம்?”

“அது பள்ளிக்கூடத்துக்குப் போகுது.”

“நாம ரெண்டு பேரும் அந்தப் பக்கமே ஒதுங்கலையே மச்சான்!”

என் மனைவி சிரித்துவிட்டாள். அதுதான் வினையாகப் போனது. தங்கையே சிரித்ததும் மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

“இந்த வெலை எறங்குற வரைக்கும் பெட்ரோல் வண்டியில கால் வைக்க மாட்டேன். குலசாமி மேல சத்தியம்!”

ஊருக்குப் போனவர் கிணற்றில் ஓடிய டீசல் எஞ்சினையும் நிறுத்திவிட்டுப் பழையபடி கமலை பூட்டினார். கமலை பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்க, கிணற்றிலிருந்து தண்ணீர்ச் சால் மேலே வரும். தண்ணீரைக் கொட்டியதும் மாடுகள் திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து மேட்டுக்கு ஏறும். ஓட்டுகிறவர் இறக்கத்தில் பாடுவார். பாட்டு நின்றால் மாடுகள் பின்பக்கமாக நடக்க வேண்டிய நேரம். அவ்வளவுதான் பழக்கம்.

அடுத்த மாதம் காதுகுத்து வைத்தோம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். என் மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

“எங்கண்ணன் மடியில உக்காராம எம்புள்ள காதுல ஊசி படக்கூடாது. அண்ணன் வராமப் போச்சுன்னா, ஒங்க டில்லியிலேயே போய்ச் சாப்பிட்டுக்கங்க.”

குலசாமி கோயில் கல்லல் போகிற பாதையில் ஒரு கண்மாய்க் கரையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். ஒன்பதரை ஆகியும் மச்சானைக் காணோம். ரயிலில் வந்திருக்கலாம், ஆனால் சீரோடு ஒரு கிடாயும் உண்டு. கிடாய்க்கு யார் டிக்கெட் கொடுப்பார்கள்? ஆசாரி ஊசியை இரண்டாம் தடவை துடைத்தார். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். காரை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

ஒரு மைல் போயிருப்பேன். பாதையோரத்தில் மாட்டுவண்டி அச்சு முறிந்து சாய்ந்து கிடந்தது. கிடாயைக் கையில் பிடித்துக்கொண்டு மச்சான் நின்றார். அரிசி மூட்டை, தாம்பாளம், பட்டுப்பாவாடை எல்லாம் புளியமரத்தடியில்.

“ஏறுங்க மச்சான், நேரமாச்சு!”

“சத்தியம் பண்ணியிருக்கேன்ல?”

“அப்ப சீரையாவது ஏத்துங்க. நீங்க பின்னாடியே ஓடி வாங்க.”

சீருக்குச் சத்தியம் இல்லை என்று ஒத்துக்கொண்டார். மூட்டையை ஏற்றினோம், பின்சீட்டில் கிடாயை ஏற்றினோம். சாவியைத் திருகினேன். வண்டி இருமியது, நின்றது. விலை ஏறியதிலிருந்து லிட்டர் லிட்டராகத்தான் பெட்ரோல் போடுவேன். டேங்க் காலி.

மச்சான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

“அரபு நாட்டுக்காரனுக்கு ஒரு தந்தி குடுங்களேன் மாப்ளே!”

சீரைப் பாதையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வர அவர் மானம் இடம் கொடுக்காது. மாடுகள் சும்மா நின்றன. கயிறு இருந்தது. நுகத்தடியைக் கார் பம்பரில் கட்டினோம். மச்சான் மாட்டுக்குப் பக்கத்தில், நான் ஸ்டீயரிங்கில். “ஹை” என்றார். மாடுகள் இழுத்தன, கார் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் நின்றன. பிறகு நிதானமாகப் பின்னால் நடந்து வந்தன!

நான் பிரேக்கை மிதித்தேன். அப்போதுதான் புரிந்தது. வண்டியில் பூட்டினால் அவை வண்டி மாடு. பின்னால் கயிறு இழுபட்டால் அவற்றுக்கு அது கமலை.

“பாடுங்க மச்சான்! பாட்டு நின்னாத்தானே பின்னால வரும்?”

பாடினார். கமலைப் பாட்டு எவ்வளவு நீளம்? ஒரு சால் தண்ணீர் ஏறுகிற நீளம்தான். பாட்டு முடிந்தது, மாடு பின்னால் வந்தது. முடிவே இல்லாத ஒன்று வேண்டும். எங்களிடம் அப்படி ஒன்று இருந்தது.

ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன். “மச்சான், பெட்ரோல் வெலை ஏறுனதுக்கு மதராஸ்தான் காரணம்னு ஊரெல்லாம் பேசிக்கிறாக!”

“எந்தப் பய சொன்னான்?” என்று ஆரம்பித்தார் பாருங்கள். டில்லி, வரி, மண்ணெண்ணெய், ரேஷன் என்று ஒன்றையும் விடவில்லை. மாடுகள் ராஜநடை போட்டன. மூச்சு வாங்க அவர் குரல் தணிந்தால் மாடு தயங்கும்.

“கரண்டைக் கட் பண்றது யாரு மச்சான்? அதுவும் டில்லியா?” என்பேன்.

“மழை பெய்யலன்னா கரண்டு எங்குட்டிருந்துய்யா வரும்? ஒங்க டில்லிக்காரகளை மழை பெய்யச் சொல்லு!” என்று மறுபடியும் ஏறுவார். மரியாதைகூடப் போய்விட்டது. கோபத்தில் நிஜமாகவே என்னை அடிக்க வந்துவிடுவாரோ என்று கண்ணாடியைப் பாதி ஏற்றி வைத்துக்கொண்டேன். பின்சீட்டில் கிடாய் இரண்டு கட்சிக்கும் பொதுவாகக் கத்திக்கொண்டு வந்தது.

கோயில் வாசலில் கூட்டமே எழுந்து நின்று பார்த்தது. ராகு காலத்துக்குச் சில நிமிஷங்களே இருந்தன. மச்சான் உட்கார்ந்ததும் பிள்ளையை மடியில் வைத்தார்கள்.

“ஏண்ணே இம்புட்டு நேரம்?” என்றாள் என் மனைவி.

மச்சான் வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. தொண்டை முழுதாகக் கட்டிக்கொண்டுவிட்டது. என்னைக் கை காட்டினார்.

“வண்டி அச்சு முறிஞ்சுபோச்சு, பாவம். சத்தியம் கெடக் கூடாதுன்னு காரை மாட்டுல கட்டி, நான் போய்த்தான் கூட்டியாந்தேன்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். டேங்க் காலியானதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மச்சான் கண்ணை உருட்டினார். ஆசாரி முதல் காதைக் குத்தினார், பிள்ளை வீறிட்டது. இரண்டாவது காதும் குத்தி முடிகிற வரைக்கும் மச்சானின் உதடுகள் சத்தமில்லாமல் ‘பெட்ரோல், பெட்ரோல்’ என்று அசைந்துகொண்டே இருந்தன. பிள்ளைக்காக அண்ணன் சாமியிடம் வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்து, என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.