வெள்ளச்சி வீடு திரும்பிய கதை

கருவாட்டு வாடை எங்கே அடித்தாலும் எனக்கு அந்தச் சாக்குதான் ஞாபகம் வரும். வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து வில்லாபுரத்துக்குப் போன அன்று, அம்மா கருவாட்டுச் சாக்கை விரித்து வைத்ததும் என் பூனை வெள்ளச்சி தானாகவே அதற்குள் நுழைந்துவிட்டது. வழியைப் பார்த்துக்கொண்டால் பூனை பழைய வீட்டுக்கே திரும்பிவிடும் என்று, வீடு மாறுகிறவர்கள் அப்படித்தான் சாக்கில் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றி வண்டியில் வைப்பார்கள். அண்ணன் முத்துவின் நாய் ராஜாவுக்கு அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. மாட்டு வண்டிக்குப் பின்னால் அது பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது.

நாயா பூனையா என்று எனக்கும் அண்ணனுக்கும் தினமும் சண்டை. பட்டறையிலிருந்து அவன் வரும் சைக்கிள் சத்தத்தை ராஜா தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடும். வெள்ளச்சி கூப்பிட்டால் வராது; தனக்குத் தோன்றினால் வந்து என் வயிற்றின் மேல் ஏறிப் படுக்கும். தானாக வந்தது என்பதால்தான் எனக்கு அது பெரிதாகத் தெரிந்தது.

"சோறு போடுறவள ஒரு நாளாச்சும் திரும்பிப் பாத்திருக்கா உன் மகாராணி?" என்பான் அண்ணன்.

"கல்லெடுத்து எறிஞ்சவன் ஒரு பன்னு ரொட்டியக் காட்டுனா, உன் ராஜா அவன் பின்னாடியே போயிரும்" என்பேன் நான்.

கீரைத்துறை தாண்டும்போது சாக்குக்குள் சத்தம் நின்றுபோனது. அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. "அவுக்காதடா, ஓடிப்போயிரும்" என்று அம்மா சொல்லச் சொல்ல, "மூச்சு முட்டிச் செத்துரும்மா, மூஞ்சிய மட்டும் நீட்டிக்கிறட்டும்" என்று முடிச்சைத் தளர்த்தினான். வெள்ளச்சி அவன் கையைப் பிறாண்டிவிட்டுப் பாய்ந்து ஒரு சந்துக்குள் மறைந்துவிட்டது.

நான் அண்ணனோடு பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. அவன் வேலை விட்டதும் தினமும் தன் கூட்டாளி பாண்டியோடு சைக்கிளில் தேடப் போனான். பின்னாலேயே ராஜாவும் ஓடும். ஏழாம் நாள் வந்து என் எதிரே உட்கார்ந்தான்.

"பாத்துட்டேன் புள்ள. பழைய வீட்டு அடுப்படியில உக்காந்திருக்கு. புதுசா குடி வந்தவக பாலு ஊத்துறாக. தூக்கப் போனா சீறுது."

"என்னயக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ராஜாட்டதான் சொல்லி விட்டிருக்கு. ஓடி வந்ததுல அதுக்கு இன்னும் மூச்சு எளைக்குது, பெறகு சொல்லும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்புட்டுத் தூரம் தனியா போயிருக்கு. உன் ராஜா போகுமா?" என்றேன்.

"போகாது. ஒத்துக்கிறேன், பூனைதான் பெருசு."

அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு தெருவில் யார் நாயைப் பற்றிப் பெருமை பேசினாலும் இந்த ஒரு கதையைச் சொல்லியே ஜெயித்துவிடுவேன்.

போன வருஷம் மஞ்சள் காமாலையில் அண்ணன் போய்விட்டான். காரியத்துக்கு வந்த பாண்டியண்ணனிடம், அழுகைக்கு நடுவே, அவர்கள் வெள்ளச்சியைப் பழைய வீட்டில் பார்த்த பேச்சை எடுத்தேன்.

"எங்க பாத்தோம், தங்கச்சி? அந்த வீடு பூட்டித்தான கெடந்துச்சு. நீ சாப்பிட மாட்டேங்குறேன்னு அவன்தான் அப்புடிச் சொன்னான்."

இப்போது எங்கள் வீட்டில் நாயும் இல்லை, பூனையும் இல்லை. வண்டியூர் வீட்டையும் இடித்துவிட்டார்கள். ஆனாலும் நாயா பூனையா என்று யார் கேட்டாலும் நான் பூனைக் கட்சிதான். கீரைத்துறையிலிருந்து ஒருத்தர் துணையும் இல்லாமல் வெள்ளச்சி வீடு போய்ச் சேர்ந்தது என்று சொல்வேன். நம்பாதவர்களிடம், எங்கள் அண்ணனே கண்ணால் பார்த்தான் என்பேன்.